இருப்புப்பாதை கண்ட தொழிலாளி: ஜார்ஜ் ஸ்டீபன்சன்

நுழையும்முன்

தொடர்வண்டி இல்லாத உலகத்தை இன்று நினைத்துப் பார்ப்பது கடினம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை நாள்தோறும் இலட்சக்கணக்கானோரைச் சுமந்து செல்லும் மின்தொடர்வண்டிக்கு ஒரு முன்னோர் உண்டு. அது நீராவி எஞ்சின். அந்த எஞ்சினைத் தண்டவாளத்தில் நம்பிக்கையுடன் ஓடவிட்டு, ஊர்களை இணைக்கும் பொதுப்பாதையாக வளர்த்தெடுத்தவர், பதினெட்டு வயதுவரை தம் பெயரைக்கூட எழுதத் தெரியாத ஒரு சுரங்கத் தொழிலாளி. அவருடைய வாழ்வை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

எழும்பூரில் ஒரு பழைய எஞ்சின்

சுதந்திர நாள், குடியரசு நாள் போன்ற சிறப்பு நாள்களில் சென்னை எழும்பூர் நிலையத்தில் சில ஆண்டுகளில் ஒரு புதுமை நிகழ்வதுண்டு. மின்தொடர்வண்டிகளுக்கு நடுவே, உயர்ந்த புகைபோக்கியும் நடுவில் பெரிய சக்கரமும் கொண்ட சிறிய நீராவி எஞ்சின் ஒன்று வெண்புகை கக்கியபடி வந்து நிற்கும். அதன் பெயர் இ.ஐ.ஆர். 21. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855ஆம் ஆண்டு செய்யப்பட்டது. கிழக்கிந்திய இரயில்வேயில் உழைத்து ஓய்ந்த பிறகு, ஜமால்பூரிலும் ஹவுராவிலும் நூறாண்டுகளுக்கு மேல் வெறும் காட்சிப்பொருளாக நின்றிருந்தது. சென்னைப் பெரம்பூர் பணிமனைத் தொழிலாளர்கள் இல்லாத உறுப்புகளைத் தம் கையாலேயே புதிதாகச் செய்து பொருத்தி, 2010ஆம் ஆண்டு அதற்கு மீண்டும் உயிரூட்டினர்.

எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் நோக்கி அது ஊர்ந்து செல்லும்போது, சேத்துப்பட்டிலும் நுங்கம்பாக்கத்திலும் நடைமேடைகள் நிறைந்துவிடும். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் போன்ற புறநகர்களிலிருந்து பெற்றோர் குழந்தைகளை அழைத்து வருவர். ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர்கள் அந்த ஊதலொலியைக் கேட்கவென்றே வந்து நிற்பர். இளைஞர்கள் சக்கரங்களின் அமைப்பையும் உந்துதண்டின் அசைவையும் உற்றுநோக்கிப் படம் எடுப்பர். இத்தனைக்கும் கடற்கரை – தாம்பரம் தடம் 1931ஆம் ஆண்டிலேயே மின்மயமானது. தொண்ணூறு ஆண்டுகளாக மின்வண்டியைப் பார்த்துப் பழகிய மக்கள், அதைவிட மெதுவாகச் செல்லும் பழைய எஞ்சினைக் காண ஏன் கூடுகிறார்கள்? அந்த எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் மனிதரை அறிந்தால் அதற்கு விடை கிடைக்கும்.

பிறப்பும் இளமையும்

ஜார்ஜ் ஸ்டீபன்சன் 1781ஆம் ஆண்டு சூன் 9ஆம் நாள், இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள வைலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை இராபர்ட், சுரங்கத்து நீரை வெளியேற்றும் நீராவி இயந்திரத்துக்குக் கரி அள்ளிப்போடும் தொழிலாளி. தாய் மேபெல். இருவருக்கும் எழுத்தறிவு இல்லை. ஆறு குழந்தைகளுடன் அக்குடும்பம் ஒரே அறையில் வாழ்ந்தது. அவ்வீட்டு வாசலை ஒட்டி மரத்தாலான தண்டவாளப் பாதை ஒன்று சென்றது. குதிரைகள் அதன்மீது நிலக்கரி வண்டிகளை இழுத்துச் சென்றன. குழந்தைகள் வண்டியில் அடிபடாமல் பார்த்துக்கொள்வது மூத்த பிள்ளைகளின் வேலை. உலகின் போக்குவரத்தை மாற்றப்போகும் மனிதரின் கண்ணில் முதலில் பட்ட காட்சி அந்தப் பாதைதான்.

பள்ளிக்கு அனுப்பப் பணமில்லை. பசுக்கள் வண்டிப்பாதையில் ஏறாமல் காப்பது சிறுவன் ஜார்ஜின் முதல் வேலை. அதற்கு நாளொன்றுக்கு இரண்டு பென்னி கூலி. பிறகு நிலக்கரியில் கலந்திருக்கும் கல்லைப் பொறுக்கும் வேலை. ஓய்வு நேரத்தில் களிமண்ணைப் பிசைந்து இயந்திர உருவங்களைச் செய்து விளையாடினார். பதினான்காம் வயதையொட்டித் தந்தைக்கு உதவியாளராக இயந்திர அறைக்குள் நுழைந்தார். பதினேழு வயதில் இயந்திரத்தை இயக்கும் பொறுப்புக்கே உயர்ந்தார். அதே இயந்திரத்துக்குக் கரி அள்ளிப்போடுபவராக அவருடைய தந்தை இருந்தார்.

பிற தொழிலாளர்கள் சனிக்கிழமை மாலை பொழுதுபோக்கச் சென்றுவிடுவர். ஜார்ஜோ இயந்திரத்தைக் கழற்றித் துடைத்து, ஒவ்வோர் உறுப்பும் என்ன வேலை செய்கிறது என்று ஆராய்ந்து, மீண்டும் பூட்டுவார். நூலில் படித்து அறிய வழியில்லாத அவருக்கு இயந்திரமே பாடநூலாயிற்று.

பதினெட்டு வயதில் அரிச்சுவடி

இயந்திரங்களைப் பற்றிய செய்திகள் நூல்களில் இருப்பதைக் கேள்வியுற்றபோதுதான் கல்லாமையின் இழப்பு அவருக்கு உறைத்தது. பதினெட்டு வயதில், பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பின், தம் கூலியில் ஒரு பகுதியைக் கட்டணமாகச் செலுத்தி இரவுப்பள்ளியில் சேர்ந்தார். சிறுவர்களுக்குரிய அரிச்சுவடியை வளர்ந்த இளைஞர் கற்பதில் அவர் நாணவில்லை. எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகிய மூன்றையும் கற்றுத் தேர்ந்தார்.

1802ஆம் ஆண்டு பிரான்சஸ் என்பவரை மணந்தார். வருவாய் போதாமையால் செருப்புத் தைத்தார், கடிகாரம் பழுதுபார்த்தார். 1803இல் மகன் இராபர்ட் பிறந்தான். பிறகு கில்லிங்வொர்த் சுரங்கத்துக்குக் குடும்பம் குடிபெயர்ந்தது. இரண்டாவதாகப் பிறந்த பெண்குழந்தை சில வாரங்களிலேயே இறந்தது. 1806இல் மனைவியைக் காசநோய் கொண்டுபோயிற்று. மகனை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, வேலை தேடி ஸ்காட்லாந்துக்கு நடந்தே சென்றார். அவர் திரும்பியபோது, நீராவி பீறிட்டதால் தந்தை கண்பார்வை இழந்திருந்தார். பெற்றோரின் கடனும் மகனின் எதிர்காலமும் அவர் தோள்மேல் ஏறின. மணமாகாத தங்கை எலினோர் வந்து வீட்டையும் குழந்தையையும் கவனித்துக்கொண்டார்.

மகனுக்குத் தம் நிலை வரக்கூடாது என்பதில் ஜார்ஜ் உறுதியாக இருந்தார். நியூகாசில் நகரத்துப் பள்ளிக்கு மகனைக் கழுதைமேல் ஏற்றி அனுப்பினார். மகன் மாலையில் கொண்டுவரும் பாடத்தைத் தந்தையும் உடனமர்ந்து படித்தார். இருவரும் சேர்ந்து கணக்கிட்டுச் செதுக்கிய சூரியக் கடிகாரம் 1816 என்னும் ஆண்டுக் குறிப்புடன் அவ்வீட்டு வாசலில் பதிக்கப்பட்டது. மகனே தந்தைக்கு ஆசிரியரான அக்காட்சிக்கு அது சான்றாயிற்று.

சுரங்கத்தில் ஒரு விளக்கு

கில்லிங்வொர்த்தில் ஒரு சுரங்கத்தில் தேங்கிய நீரை இறைக்க முடியாமல் பொறியாளர்கள் கைவிட்ட இயந்திரம் ஒன்றை 1811ஆம் ஆண்டு ஜார்ஜ் சீராக்கிக் காட்டினார். மறு ஆண்டே அப்பகுதிச் சுரங்க இயந்திரங்கள் அனைத்துக்கும் பொறுப்பாளர் ஆனார்.

அக்காலத்தில் சுரங்கத் தொழிலாளியின் உயிர் அவன் கையில் ஏந்திய விளக்கின் சுடரில் ஊசலாடியது. நிலக்கரிப் பாறைகளுக்கிடையே கசியும் எரிவாயு, திறந்த சுடர் பட்டதும் வெடித்துவிடும். 1812ஆம் ஆண்டு பெல்லிங் சுரங்க வெடிப்பில் 92 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் சிறுவர்கள். இக்கொடுமைக்கு முடிவுகட்ட விழைந்த ஜார்ஜ், சிறு துளைகள் வழியாக மட்டுமே காற்று உள்ளே செல்லும் விளக்கொன்றை அமைத்தார். 1815 அக்டோபரில், எரிவாயு சீறிவரும் சுரங்கப் பகுதிக்கு அவ்விளக்கைத் தாமே ஏந்திச் சென்றார். கணிப்பு பிழைத்திருந்தால் உயிரோடு திரும்பியிருக்க முடியாது. வெடிப்பு நிகழவில்லை.

அதே காலத்தில் புகழ்பெற்ற அறிவியலறிஞர் ஹம்பிரி டேவியும் கம்பிவலை கொண்ட பாதுகாப்பு விளக்கு ஒன்றை உருவாக்கினார். சுரங்க முதலாளிகள் டேவிக்கு 2,000 பவுன் பரிசளித்தனர். ஜார்ஜுக்கு 100 கினியே வழங்கினர். படிக்காத தொழிலாளி ஒருவர் இத்தகைய கருவியைத் தாமே கண்டிருக்க முடியாது என்று டேவியின் தரப்பினர் கருதினர். கருத்தைத் திருடியதாகவும் குற்றம் சாட்டினர். நியூகாசில் வட்டாரத்தார் ஜார்ஜின் பக்கம் நின்று ஆராய்ந்து, அவர் தனித்தே கண்டார் என்று அறிவித்து, 1,000 பவுன் திரட்டி அளித்தனர். 1833இல் நாடாளுமன்றக் குழுவும் இருவருக்கும் சம உரிமை உண்டு என்றது. எனினும் அந்தக் காயம் ஆறவில்லை. நூலறிவு மட்டும் கொண்டு பேசும் வல்லுநர்கள்மீது அவருக்கு வாழ்நாள் முழுதும் ஐயம் நீடித்தது.

தண்டவாளத்தில் நீராவி

நீராவி ஊர்தியை முதலில் கண்டவர் ஜார்ஜ் அல்லர். 1804ஆம் ஆண்டிலேயே ரிச்சர்டு டிரெவிதிக் வேல்ஸ் நாட்டில் அதைத் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டினார். எடை தாங்காமல் தண்டவாளங்கள் முறிந்தன. லீட்ஸில் பற்சக்கரத்தால் ஏறும் எஞ்சினை 1812இல் இயக்கினர். ஜார்ஜ் பிறந்த வைலத்திலேயே வேறொருவர் எஞ்சின் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். இவற்றையெல்லாம் பார்த்துக் கற்று, 1814ஆம் ஆண்டு 'புளூச்சர்' என்னும் எஞ்சினை ஜார்ஜ் செய்தார். விளிம்புள்ள வழுவழுப்பான சக்கரங்கள், உராய்வால் மட்டுமே பாதையைப் பற்றிக்கொண்டு, 30 டன் கரியை மேட்டில் மணிக்கு நான்கு மைல் வேகத்தில் இழுத்தன.

பிறர் எஞ்சினை மட்டும் நோக்கினர். ஜார்ஜ் எஞ்சினையும் பாதையையும் ஒன்றாக நோக்கினார். வலுவான தண்டவாளம், சீரான சரிவு, ஒரே அகலம் ஆகியவை இன்றி எஞ்சினால் பயனில்லை என்பதை அவர் உணர்ந்தார். அவர் கையாண்ட நான்கு அடி எட்டரை அங்குல அகலமே உலகின் பெரும்பகுதியில் இன்றும் நிலையான அளவாக உள்ளது. இந்தியாவோ ஐந்து அடி ஆறு அங்குலத்தை அகலப்பாதையாக ஏற்றது.

எட்வர்டு பீஸ் என்னும் வணிகரின் ஆதரவால் ஸ்டாக்டன் – டார்லிங்டன் பாதைக்கு ஜார்ஜ் பொறியாளரானார். 1823இல் நியூகாசிலில் மகன் பெயரால் எஞ்சின் தொழிலகம் தொடங்கப்பட்டது. 1825 செப்டம்பர் 27 அன்று 'லோகோமோஷன்' எஞ்சினை ஜார்ஜே ஓட்டினார். கரியும் மாவும் நிறைந்த வண்டிகளிலும் பயணிகள் பெட்டியிலும் நூற்றுக்கணக்கானோர் ஏறிக்கொண்டனர். நீராவியால் இயங்கும் பொது இருப்புப்பாதையின் வரலாறு அன்று தொடங்கியது.

அவமானமும் வெற்றியும்

லிவர்பூல், மான்செஸ்டர் நகரங்களை இணைக்கும் பாதைக்கான சட்ட முன்வரைவு 1825இல் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்தது. நிலக்கிழார்களும் கால்வாய் உரிமையாளர்களும் எதிர்த்தனர். அவர்கள் சார்பில் வந்த வழக்கறிஞர்கள் ஜார்ஜை நாள்கணக்கில் குறுக்கு விசாரணை செய்தனர். அவருடைய வட்டாரப் பேச்சு ஏளனத்துக்கு உள்ளானது. அதைவிடக் கொடுமை, அளவைப் பணியில் உண்மையாகவே பிழைகள் இருந்ததுதான். உதவியாளர்களிடம் விட்டிருந்த அளவுகளை அவர் சரிபார்க்கவில்லை. வினாக்களுக்கு விடையளிக்க முடியாமல் திணறினார். முன்வரைவு வீழ்ந்தது, அவர் பதவியும் போயிற்று.

மறு ஆண்டு வேறு பொறியாளர்களின் அளவையுடன் சட்டம் நிறைவேறியது. ஆனால் பாதையைக் கட்டும் பொறுப்பு மீண்டும் ஜார்ஜையே நாடி வந்தது. வழியில் குறுக்கிட்டது சாட் மாஸ் என்னும் பெருஞ்சேற்று நிலம். கொட்டிய மண்ணெல்லாம் அதில் அமிழ்ந்தது. சுள்ளிகளையும் புதர்க்கட்டுகளையும் பாய்போல் அடுக்கடுக்காகப் பரப்பி, சேற்றின்மேல் மிதக்கும் பாதையை அவர் அமைத்தார். அறிஞர்கள் இயலாது என்ற அந்த இடத்தில் இன்றும் தொடர்வண்டிகள் ஓடுகின்றன.

எந்த எஞ்சினைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்ய 1829 அக்டோபரில் ரெயின்ஹில் என்னுமிடத்தில் போட்டி நடைபெற்றது. பரிசு 500 பவுன். ஜார்ஜும் மகன் இராபர்ட்டும் களமிறக்கிய 'ராக்கெட்', எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றிய ஒரே எஞ்சினாக வென்றது. அதன் கொதிகலனுக்குள் 25 செப்புக் குழாய்கள் இருந்தன. நெருப்பின் வெப்பம் அக்குழாய்கள் வழியே சென்று சுற்றியுள்ள நீரை விரைவாகக் கொதிக்கவைத்தது. உருளைகளிலிருந்து வெளியேறும் நீராவி புகைபோக்கிக்குள் பீய்ச்சப்பட்டு, நெருப்புக்குக் காற்றை இழுத்தது. பல குழாய் அமைக்கும் எண்ணத்தைத் தந்தவர் நிறுவனச் செயலாளர் ஹென்றி பூத். வடிவமைப்பில் பெரும்பங்கு மகன் இராபர்ட்டுடையது. பின்வந்த நீராவி எஞ்சின்கள் பெரும்பாலும் இந்த அடிப்படையிலேயே அமைந்தன. எழும்பூரில் புகை கக்கும் இ.ஐ.ஆர். 21இன் உள்ளேயும் இதே நெறிதான் இயங்குகிறது.

1830 செப்டம்பர் 15 அன்று அப்பாதை திறக்கப்பட்டது. அவ்விழாவிலேயே துயரமும் நேர்ந்தது. தண்டவாளத்தில் இறங்கி நின்ற நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன் மீது 'ராக்கெட்' மோதியது. ஜார்ஜ் தாமே வேறோர் எஞ்சினை ஓட்டி அவரை மருத்துவ உதவிக்கு விரைந்து கொண்டுசென்றார். ஆயினும் அன்றிரவே அவர் உயிர் பிரிந்தது. புதிய ஆற்றல் புதிய பொறுப்பையும் கோரும் என்பதை உலகம் முதல் நாளிலேயே கற்றது.

இறுதிக்காலம்

புகழும் செல்வமும் சேர்ந்தபின் ஜார்ஜ் செஸ்டர்பீல்டு நகரையடுத்த டாப்டன் மாளிகையில் வாழ்ந்தார். அரசு அளிக்க முன்வந்த சர் பட்டத்தை ஏற்க மறுத்தார். 1847இல் தொடங்கப்பட்ட இயந்திரப் பொறியாளர் கழகத்தின் முதல் தலைவரானார். தோட்டக்கலையில் ஈடுபட்டு, வெள்ளரிக்காயை நேராக வளர்க்கக் கண்ணாடிக் குழாய்களைப் பயன்படுத்தினார். 1848 ஆகஸ்டு 12ஆம் நாள், 67ஆம் வயதில் காலமானார். மகன் இராபர்ட் தந்தைக்கு இணையான பொறியாளராகப் புகழ்பெற்றார். ஜார்ஜ் இறந்து எட்டாண்டுகளுக்குள், 1856 சூலை 1 அன்று, இராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கித் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி புறப்பட்டது.

காக்கப்படும் கைத்திறன்

'லோகோமோஷன்', 'ராக்கெட்' இரண்டும் இங்கிலாந்தில் அருங்காட்சியகப் பொருள்களாக இன்றும் காக்கப்படுகின்றன. அருங்காட்சியகத்தில் நிறுத்தினால் மட்டும் போதாது, எஞ்சின்கள் ஓடவும் வேண்டும் என்று எண்ணியவர்கள் பிறகு தோன்றினர். வேல்ஸ் நாட்டில் மூடப்படவிருந்த டாலிலின் சிறுபாதையை 1951இல் தன்னார்வலர்கள் ஏற்று நடத்தினர். அம்முயற்சிக்குத் தலைமையேற்ற டாம் ரோல்ட் என்னும் எழுத்தாளரே பின்னாளில் ஸ்டீபன்சன் தந்தை, மகன் வரலாற்றையும் எழுதினார். அதன்பின் பிரித்தானியாவெங்கும் மரபுத் தொடர்வண்டிப் பாதைகள் பெருகின. விடுமுறை நாளில் ஆசிரியரும் எழுத்தரும் கரி அள்ளுகின்றனர், எண்ணெய் இடுகின்றனர், இளையோருக்குக் கற்றுத் தருகின்றனர்.

மின் எஞ்சினின் ஆற்றல் பெட்டிக்குள் மறைந்திருக்கிறது. நீராவி எஞ்சினிலோ நெருப்பு தெரிகிறது, நீராவி சீறுகிறது, உந்துதண்டு முன்னும் பின்னும் பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றுவது கண்ணெதிரே நிகழ்கிறது. எப்படி இயங்குகிறது என்பதை மறைக்காத இயந்திரம் அது. பள்ளி செல்லாத ஒரு சிறுவன் பார்த்தே கற்க முடிந்ததும் அதனால்தான். நடைமேடையில் தந்தையின் தோளில் அமர்ந்து அதனை வியந்து நோக்கும் குழந்தையும் அதே பாடத்தைத்தான் படிக்கத் தொடங்குகிறது. பழைய எஞ்சினைக் காப்பது, அதைச் செய்தவர்களின் அறிவையும் அதை மீட்டவர்களின் கைத்திறனையும் காப்பதாகும்.

தெரிந்து தெளிவோம்

இ.ஐ.ஆர். 21இன் உடன்பிறப்பு 'பேரி குயின்' எனப்படும் இ.ஐ.ஆர். 22. இரண்டும் லீட்ஸில் ஒரே நிறுவனத்தால் 1855இல் செய்யப்பட்டவை. 'பேரி குயின்' 1997இல் மீண்டும் ஓட்டப்பட்டது. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் – உதகை இடையே செல்லும் நீலகிரி மலைப்பாதை, 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

மதிப்பீடு

குறுவினா
1. ஜார்ஜ் ஸ்டீபன்சன் இரவுப்பள்ளியில் சேரக் காரணம் யாது?
2. சாட் மாஸ் சேற்றுநிலத்தில் பாதை எவ்வாறு அமைக்கப்பட்டது?

சிறுவினா
1. பாதுகாப்பு விளக்குக் குறித்து எழுந்த பூசலையும் அதன் முடிவையும் எழுதுக.
2. 'ராக்கெட்' எஞ்சினின் கொதிகலன் இயங்கிய முறையை விளக்குக.

நெடுவினா
ஜார்ஜ் ஸ்டீபன்சனின் வாழ்வில் கல்வி, உழைப்பு, தோல்வி ஆகியவை பெற்ற இடத்தைத் தொகுத்து எழுதுக.

கற்பவை கற்றபின்
உங்கள் ஊர்த் தொடர்வண்டி நிலையத்திலோ பணிமனையிலோ நீராவி எஞ்சின் காலத்தில் பணியாற்றிய முதியவர் ஒருவரைக் கண்டு உரையாடி, அவர் கூறும் நினைவுகளை ஒரு பக்கக் கட்டுரையாக எழுதி வகுப்பறையில் படித்துக்காட்டுக.